ஆண் ஆமை வருமா

மார்ச் 3
ராத்திரி நடையில் நீலாங்கரைப் பக்கம் ஒரு கடலாமைக் கூடு, பங்குனி ஆமை. நூற்றுக்கு மேல் முட்டை. விடிவதற்குள் பொரிப்பகத்தில் புதைத்துவிட்டோம்.

மார்ச் 11
காலை ஒன்பதுக்கே மணலில் கால் வைக்க முடியவில்லை.

மார்ச் 21
தூக்கம் வரவில்லை. அடைகாலத்தின் நடுப்பகுதி தொடங்கிவிட்டது, குஞ்சு ஆணா பெண்ணா என்று மணலின் சூடு முடிவு செய்வது இப்போதுதான். பங்குனி ஆமைக்கு 29, 30 டிகிரி வாக்கில் இரண்டும் வரும், அதற்கு மேல் ஏற ஏறப் பெண்தான். பந்தலுக்கு இன்னொரு அடுக்குக் கீற்று கேட்டிருக்கிறேன்.

மார்ச் 22
கீற்று வரவில்லை.

மார்ச் 26
வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் கேட்டார்: "பொட்டை நெறைய பொறந்தா நல்லதுதானே, முட்டை நெறைய வுடும்?" கொஞ்ச காலத்துக்குச் சரிதான். ஓர் ஆண் பல பெண்களோடு சேரும், பெண்ணைவிட அடிக்கடி சேர்க்கைக்கு வரும், அதனால் உடனே எதுவும் தெரியாது. ஆனால் ஆண் ஆமையின் நீண்ட வாலும் வளைந்த நகமும் எதற்கு? அலையில் பெண் ஆமையின் முதுகோட்டைப் பிடித்துத் தொங்க. சுற்றி வரும் மற்ற ஆண்கள் வாலையும் துடுப்பையும் கடித்துக் குதறும், அதையும் தாங்குவது தகப்பனாகும். ஒரு கூட்டிலேயே இரண்டு மூன்று தகப்பன்கள் இருப்பதுண்டு. ஆண்கள் அருகிப்போனால் அந்தப் போட்டியே இருக்காது, எது வந்தாலும் தகப்பன்தான், அதுவும் விரல்விட்டு எண்ணும் சிலவே அத்தனை குஞ்சுகளுக்கும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், வடக்குக் கரைகளில் பொரித்த பச்சை ஆமைகளைச் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள்: இளசுகளில் 99 சதவீதத்துக்கு மேல் பெண். வளர்ந்தவற்றில் 87 சதவீதம்தான். அதாவது கிழ ஆண்கள் இருக்கும்வரை வண்டி ஓடும். அந்த 99 என் தலையை விட்டு இறங்க மறுக்கிறது.

மார்ச் 29
கீற்று போட்டாயிற்று!

ஏப்ரல் 2
நிழல் போட்டு ஆணை வரவழைப்பது சரியா என்று ஒரு தோழி கேட்டாள். மணலைச் சூடாக்கியதும் நாம்தானே. நிழல் இருக்கட்டும்.

ஏப்ரல் 9
99.

ஏப்ரல் 17
உள்ளே கருக்கள் வளர்ந்து அவற்றின் சூடும் சேர்ந்துகொண்டது, வெப்பமானி 33. இனி ஆண் பெண் கணக்கு மாறாது. ஆனால் 35-இலேயே நின்றால் முட்டையிலேயே செத்துப்போகும். மாலையில் தண்ணீர் தெளிக்கலாமா என்று மூத்தவர்களிடம் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 20
கூட்டின் மேல் மணல் உள்வாங்கியிருக்கிறது, குஞ்சுகள் வரப்போகின்றன. அவை சிதறாமல் இருக்கக் கூடை கவிழ்த்தாயிற்று. ஆண் வந்தாலும் பார்த்துச் சொல்ல முடியாது, வால் நீளப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அண்ணன் கூப்பிடுகிறார், போகிறேன்