உயிரோடு இருப்பவர்களின் சுவர்

ஜூலை 5
அமெரிக்கப் பழங்குடியினரான நவாஹோ மக்களின் நிலத்துச் சுவர்ப்படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அரிசோனாப் பாலைவனத்தில், வீதியோரப் பலகைக் கடைகளிலும் கைவிட்ட கட்டடங்களிலும் கறுப்பு வெள்ளையில் முதியவர்கள், பிள்ளைகள், செம்மறியாடுகள். ஒட்டியவர் சிப் தோமஸ், ஒரு மருத்துவர். 1987இல் அங்கே வேலைக்குப் போனவர், படம் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவற்றைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டத் தொடங்கியது 2009இல்தான். நடுவில் போன இருபத்திரண்டு வருடங்கள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. மருந்து கொடுத்து, பேசிப் பழகிய முகங்கள் அவை. 2012இல் வேறு ஓவியர்களையும் அங்கே வரைய அழைத்தார்.

ஜூலை 8
நவாஹோ நிலம் நம் முழு இலங்கையையும் விடப் பெரியது. 1944 முதல் 1986 வரை அங்கே ஏறக்குறைய மூன்று கோடி தொன் யுரேனியத் தாது தோண்டினார்கள். கைவிட்டுப் போன சுரங்கங்கள் 500க்கு மேல். வெளியாட்கள் அந்த இடத்தைப் படமெடுத்தால் செம்பாறையும் வானமும்தான் இருக்கும். ஆட்களைப் பெரிதாகக் காட்டியது எவ்வளவு நியாயமான வேலை! திருகோணமலை என்றாலும் கோணேசர் மலை, மான், கடற்கரை. கருவாடு காயவைக்கிற கைகளை யார் படமெடுத்தார்கள்?

ஜூலை 13
கருவாட்டுக்கடை அக்காவிடம், அவருடைய படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டலாமா என்று கேட்டேன். திடுக்கிட்டுப் போனார்.
"தம்பி, செத்த ஆக்களின்ர படத்தையெல்லோ சுவரில ஒட்டுறது?"
உண்மைதான். நம் ஊர்ச் சுவரில் முகம் வர வேண்டுமென்றால் தேர்தலில் நிற்க வேண்டும், இல்லையென்றால் கண்ணீர் அஞ்சலி. உழைத்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு அங்கே இடமில்லை. சிப் தோமஸின் படங்களைக் கைப்பேசியில் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஆடுகளைப் பார்த்ததும் சிரித்தார். "மகளிட்டக் கேட்டுச் சொல்லுறன்" என்றார். சரி, அந்தப் பதில் வராமல் ஒட்டக் கூடாது.

ஜூலை 20
மகளுக்குச் சம்மதம். கோதுமை மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிநீரில் ஊற்றிக் கிண்டிக் காய்ச்சினேன். சிப் தோமஸும் மாப்பசைதான் பயன்படுத்துகிறார். கச்சான் காற்று தாளைப் பிடுங்கப் பார்த்தது, பசையும் பூசப் பூசக் காய்ந்தது. பக்கத்துக் கடைப் பையன்கள் தாளின் நுனியைப் பிடித்தார்கள். தாளுக்கு மேலேயும் ஒரு பூச்சு. மாரி மழை வந்தால் உரிந்துவிடும், அதுவரைக்கும் இருக்கட்டும்.

அக்கா வீதிக்கு அந்தப்பக்கம் போய் நின்று பார்த்தார். மகள்தான் முதலில் பேசினாள்: "அம்மா, உங்கட தோடு எவ்வளவு வடிவாத் தெரியுது!"

வலை பொத்துகிற ஐயா, தன் படத்தில் வலையும் தெரிய வேண்டும் என்கிறார். நாளைக் காலை, வெயில் ஏறுமுன் போகவேண்டும்.