நாகர்கோவில் நாட்குறிப்பு: எல்லைக்கு இந்தப் பக்கம்

செப்டம்பர் 18

இங்கிருந்து சென்னை ஏறக்குறைய 700 கிலோமீட்டர், திருவனந்தபுரம் 65. நாகர்கோவிலைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் முதலில் இந்த இரண்டு தொலைவுகளையும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். எங்கள் கோப்புகள் சென்னைக்குப் போகின்றன. பெரிய நோய் என்றால் ஆட்கள் திருவனந்தபுரத்துக்குப் போகிறார்கள். பெயருக்கு இது மாவட்டத் தலைநகரம், 2019 முதல் மாநகராட்சியும்கூட. ஆனாலும் வடசேரி பஸ் நிலையத்தில் அதிகாலையில் நின்று பார்த்தால், ஊரில் பாதிப் பேர் இன்னொரு மாநிலத்தின் தலைநகரத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பது போலத் தோன்றும்.

ரயிலும் அப்படித்தான் வந்தது. 1979-ல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குப் பாதை திறந்தார்கள். திருநெல்வேலிப் பாதை 1981-ல்தான் வந்தது. நிலையம் இன்றும் திருவனந்தபுரம் கோட்டத்தில்தான் இருக்கிறது.

நவராத்திரி தொடங்கி, 1956-ல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளான நவம்பர் 1 வரை, கேரள எல்லையைப் பற்றி அவ்வப்போது எழுதலாம் என்றிருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் இந்தப் பருவத்தில்தான் அது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

செப்டம்பர் 19

சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை அம்மன் நவராத்திரிக்காகத் திருவனந்தபுரத்துக்கு இன்று புறப்பட்டாள். பள்ளி முடிந்து போவதற்குள் பல்லக்கு போய்விட்டது. தெருவில் மிதிபட்ட பூ மட்டும் கிடந்தது. நாளை விடுமுறை, பத்மநாபபுரத்துக்கே போய்விட வேண்டியதுதான்.

செப்டம்பர் 20

தக்கலையில் இறங்கி, கோட்டை மதிலைத் தாண்டி அரண்மனைக்குள் போகும்போது வெயில் ஏறியிருந்தது. கூட்டமும் ஏறியிருந்தது.

திருவிதாங்கூரின் பழைய தலைநகரம் பத்மநாபபுரம். மார்த்தாண்டவர்மா ஆண்ட இடம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தர்மராஜா காலத்தில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. ராஜா போனார், அரசாங்கக் கச்சேரி போனது, கணக்குப்பிள்ளைகள் போனார்கள். அரண்மனையும் கோயில்களும் இங்கேயே இருந்துவிட்டன. அதனால்தான் ஆண்டுதோறும் நவராத்திரிக்கு இங்குள்ள தெய்வங்கள் மூன்றும் புதிய தலைநகரத்துக்குப் பயணம் போகின்றன: தேவாரக்கெட்டிலிருந்து சரஸ்வதி, வேளிமலையிலிருந்து குமாரசுவாமி, சுசீந்திரத்திலிருந்து நங்கை. சரஸ்வதி சிலை கம்பர் பூசித்தது, பிறகு சேர மன்னரிடம் வந்தது என்பது மரபு. இதை முதன்முதலாக வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். கம்பர் கையால் பூ விழுந்த சிலை இதோ பதினைந்து கிலோமீட்டரில் இருக்கிறது என்றால் யாருக்குத்தான் சிலிர்க்காது?

1956-ல் இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறைதான். நிலம் நம்முடையது, நிர்வாகம் அவர்களுடையது. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் இங்கே உண்டு. எனக்கு அந்தக் குறை இல்லை. மரத்தால் ஆன இந்த வீட்டை அவர்கள் கண்ணும் கருத்துமாகக் காத்து வருகிறார்கள். ஓடு மாற்றுவதிலும் தரை மெழுகுவதிலும் பழைய முறை தெரிந்த ஆட்கள் வேண்டும். தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு எல்லாம் கலந்து இழைத்த கறுப்புத் தரை அது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்தால், இந்த வெயிலிலும் உள்ளங்காலில் குளிர்ச்சி ஏறுகிறது. குனிந்தால் முகம் தெரிகிறது.

உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் இருக்கிறது. அதைக் கீழே கொண்டுவந்து முறைப்படி கைமாற்றுவார்கள். இந்தப் பக்கத்து அதிகாரிகளும் அந்தப் பக்கத்து அதிகாரிகளும் அருகருகே நிற்பார்கள். உடைவாள் முன்னே போக, தெய்வங்கள் பின்னே போக வேண்டும். இதில் எந்த மாநிலத்தவர் எங்கே நிற்பது என்பதில்கூடச் சச்சரவு வராமல் இத்தனை ஆண்டுகளாக நடத்திவருகிறார்கள். நான் இதைப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

வெளியே வீட்டு வாசல்களில் குத்துவிளக்கு. ஒரு வாசலில் நல்ல வயதான அம்மா ஒருவர் தட்டத்தோடு நின்றார். தட்டத்தில் ஒரு சீப்பு மட்டிப்பழம், உடைக்காத தேங்காய், வெற்றிலை, கொஞ்சம் பிச்சிப்பூ. கை நடுங்கியது, தட்டம் சாயவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வாங்கிக்கொள்ளட்டுமா என்று கையை நீட்டினேன்.

"வேண்டாம் மக்களே. கொஞ்சம் தள்ளி நில். அம்மன் வருகிற வழி."

தள்ளி நின்றேன். தட்டம் போய்ச் சந்தனத்தோடு திரும்பி வரும்வரை அவர் கண் சாமியை விட்டு அகலவில்லை.

செப்டம்பர் 21

நேற்று இரவு குழித்துறையில் தங்கல். இன்று களியக்காவிளையில் வரவேற்பு. தமிழ்நாட்டுப் போலீஸ் அணிவகுத்து வழியனுப்ப, கேரளப் போலீஸ் அணிவகுத்து வாங்கிக்கொள்ள, ஒரே சாலையில் இரண்டு மரியாதை. நடுவில் கோடு எதுவும் இல்லை. கடைப் பலகைகளில்கூட இரண்டு எழுத்தும் கலந்துதான் இருக்கிறது. பஸ்களின் நிறம் மாறுவதை வைத்துத்தான் மாநிலம் மாறியதை அறிய வேண்டும். இன்றிரவு நெய்யாற்றின்கரை, நாளை திருவனந்தபுரம்.

ஊர்வலத்தோடு நடந்தவர்களில் பலர் பாறசாலை வரை போய்விட்டுப் பஸ் பிடித்துத் திரும்பினார்கள். அவர்களில் யாரும் வெளிமாநிலத்துக்குப் போய்வந்ததாக நினைத்திருக்க மாட்டார்கள்.

செப்டம்பர் 28

பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு மறு பரிசோதனை. துணைக்கு நானும் திருவனந்தபுரம் போனேன். மண்டலப் புற்றுநோய் மையத்தின் காத்திருப்புக் கூடத்தில் தமிழ் தாராளமாகக் கேட்கிறது. குமரி, நெல்லை, தூத்துக்குடி ஆட்கள். அண்ணாச்சியைப் பார்த்துச் செவிலியர் மலையாளத்தில் கேட்டார், அவர் தமிழில் பதில் சொன்னார். இரண்டு பேருக்கும் எந்தச் சிரமமும் இல்லை. பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்திருக்கிறது. திரும்பும் வழியில் பாலராமபுரத்தில் நிறுத்தச் சொல்லி தம் மனைவிக்கு ஒரு கைத்தறி முண்டு வாங்கினார்.

அக்டோபர் 5

அண்ணன் வீட்டுக்கு, விளவங்கோடு பக்கம் போயிருந்தேன். சாப்பிட மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். சாப்பிட்ட பிறகு அண்ணன் வாய்க்காலைப் பார்க்க அழைத்துப் போனான்.

நெய்யாறு இடதுகரை வாய்க்கால். நெய்யாறு அணை இருப்பது கேரளத்தில். அதிலிருந்து இடதுகரை வாய்க்கால் வழியாக விளவங்கோடு தாலுகாவில் சுமார் 9,200 ஏக்கர் பாசனம் பெற்றது. 2004-ல் தண்ணீர் நின்றது. நெய்யாறு தங்கள் மாநிலத்துக்குள் ஓடும் ஆறு, மாநிலங்களுக்கு இடைப்பட்ட ஆறல்ல என்பது கேரளத்தின் வாதம். தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அங்கே வாதம் நடக்கட்டும். இங்கே வாய்க்கால் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பக்கச் சுவர் காரை பெயர்ந்து, இடுக்கில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. அதன் வேர் சிமென்ட்டைப் பிளந்து கீழே தொங்குகிறது. தரையில் காய்ந்த தென்னை ஓலை, பால் உறைகள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் கால். மதகுப் பலகையை ஏற்றி இறக்கும் இரும்புத் திருகு துருப்பிடித்து, தொட்டால் செதில் செதிலாக உதிர்கிறது. மதகுக் கல்லில் தண்ணீர் நின்ற மட்டத்தின் கறை இன்னும் அழியவில்லை, முழங்கால் உயரத்துக்கு மேலே. அண்ணன் அந்தக் கறையில் விரலை வைத்துக் காட்டினான்.

எங்கள் பாட்டா நெல் போட்ட வயலில் இப்போது ரப்பர் நிற்கிறது. சுற்றிலும் அப்படித்தான். தண்ணீர் வராத வயலை எத்தனை காலம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? ரப்பர் வைத்தவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனால் நெல் வயல் போன பிறகு கிணறுகளும் இறங்கிவிட்டன என்று அண்ணன் மனைவி, என் மைனி, சொன்னாள். கோடையில் இப்போது குடிநீருக்கே வாளியும் கயிறுமாக அலைகிறார்களாம். வயலில் நின்ற தண்ணீர்தான் கிணற்றுக்கும் ஊறிக்கொண்டிருந்தது. இது வெறும் பாசனப் பிரச்சினை என்று யாராவது சொன்னால் அவர்களை அந்த வீட்டுக் கிணற்றடிக்கு அழைத்துப்போக வேண்டும்.

கிழக்கே கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களுக்குப் பேச்சிப்பாறை இருக்கிறது. 1906-ல் முடிந்த அணை. மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் மிஞ்சின் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கட்டியது. அவரைப் புதைத்ததும் அங்கேதான். எல்லை பிரித்தபோது அணை இந்தப் பக்கம் விழுந்தது, நாஞ்சில் நாடு பிழைத்தது. விளவங்கோட்டின் நெய்யாற்றுப் பாசனப் பகுதிக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை.

அக்டோபர் 12

பார்வதிபுரம் தாண்டிப் போகும்போது லாரிகளின் வரிசை. பாறைக் கற்கள், எம்-சாண்ட். எல்லாம் மேற்கே போகின்றன. எங்கள் மலைகள் அந்தப் பக்கம் போகின்றன. அந்தப் பக்கத்துக் கோழிக் கழிவும் மருத்துவமனைக் கழிவும் இரவோடு இரவாக இந்தப் பக்கம் வந்து கொட்டப்படுவதாகச் செய்தி வருகிறது. கேரள மக்கள்மேல் எனக்குக் கோபமில்லை. கற்களை விற்கிறவனும் இங்கேதான் இருக்கிறான், கழிவுக்கு இடம் காட்டுகிறவனும் இங்கேதான் இருக்கிறான். கோபம் அவர்கள்மேல்.

அக்டோபர் 24

மழை. பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். எல்லைப் போராட்டப் பாடத்துக்குக் குறிப்பு எடுத்தேன்.

பாடப்புத்தகத்தில் இது சில வரிகளில் முடிந்துவிடுகிறது. இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளுக்கு அது போதாது. தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு இணைக்கக் கேட்ட திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், மார்ஷல் நேசமணியின் தலைமை, 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூடு. அப்போது பட்டம் தாணுப்பிள்ளை திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சர், பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்காரர். மக்கள்மேல் சுட்ட அரசு நீடிக்கக் கூடாது, பதவி விலக வேண்டும் என்று அவருடைய கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியாவே கேட்டார். சொந்தக் கட்சி ஆட்சியைப் பார்த்து ஒரு தலைவர் அப்படிக் கேட்டது இந்தியாவில் அபூர்வம். அதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்வேன்.

பிறகு மாநிலச் சீரமைப்பு ஆணையம். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை திருநெல்வேலியோடு சேர்ந்தது. கேட்டும் கிடைக்காதவை தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை. நெய்யாற்றின்கரைப் பெயரை எழுதும்போதெல்லாம் அண்ணனின் வாய்க்கால் நினைவுக்கு வருகிறது. கோடு போட்டவர்கள் தாலுகா பார்த்துப் போட்டார்கள். ஆற்றுக்குத் தாலுகா தெரியாது.

நவம்பர் 1

இன்று எங்களுக்கு இணைப்பு நாள். பாறசாலையைத் தாண்டினால் கேரளப் பிறவி நாள். இரண்டும் 1956-ன் அதே காலையில் பிறந்தவை. நேசமணி மணிமண்டபத்தில் மாலைகள் குவிந்திருந்தன. அங்கே மாணவிகளோடு போய் வந்தேன். திருவனந்தபுரத்துத் தோழி கசவுச் சேலையில் படம் அனுப்பியிருந்தாள். வாழ்த்துச் சொன்னேன், அவளும் சொன்னாள்.

பிற்பகல் அண்ணன் தொலைபேசியில் பேசினான். அவர்கள் ஊராட்சியில் உள்ளாட்சி தினக் கிராமசபை. வாய்க்காலைப் பற்றிய தீர்மானத்தை நேற்றே என்னிடம் படித்துக் காட்டியிருந்தான், ஒரு பத்தி நான் சேர்க்கச் சொன்னேன். பத்மநாபபுரம் அரண்மனையை ஒரு மாநிலத்தின் மண்ணில் இன்னொரு மாநிலம் பராமரிக்க முடிகிறது. நவராத்திரிக்கு உடைவாளை இரண்டு அரசுகளும் சேர்ந்து கைமாற்ற முடிகிறது. அதே இரண்டு அரசுகளும் வழக்கு முடியும்வரை காத்திராமல் குடிநீருக்கான அளவையாவது வாய்க்காலில் விடப் பேச வேண்டும். இந்தப் பக்கத்துத் தூர்வாரலையும் மதகுச் சீரமைப்பையும் தமிழ்நாடு இப்போதே தொடங்க வேண்டும். இவ்வளவுதான்.

வந்திருந்தவர்களில் பெண்கள்தான் அதிகமாம். ஒருவர் எழுந்து, அரண்மனைப் பேச்சு எதற்கு, தண்ணீரை மட்டும் கேளுங்கள் என்றாராம். மைனி எழுந்து, அது இருக்கட்டும், அதைப் பார்த்தாவது அவர்களுக்கு வழி தெரியட்டும் என்றாளாம். தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. நகல் ஆட்சியர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை வருகிறது. அண்ணன் காலை பஸ்ஸில் வருவான். நானும் கூடப் போகிறேன்.