கேத்தி ஸ்டேஷனில் அந்தக் கம்பி எங்கே?

ஊட்டியிலிருந்து இறங்கி இரண்டு நாள்தான் ஆகிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிப்போனால் அந்த டிரைவர் அண்ணன்மேல் இரக்கம் வந்துவிடும், கணக்கு விட்டுப்போகும்.

நானும் அம்மாவும் மட்டும் போயிருந்தோம். மேட்டுப்பாளையம் வந்து பஸ் மாறி, மலை ஏறி, ராத்திரி லாட்ஜில் சாவி வாங்கும்போது அந்த அட்டை கண்ணில் பட்டது. "சினிமா டூர். தனிக் கார். கைடு உண்டு. 8 ஷூட்டிங் ஸ்பாட். 4,500 ரூபாய்." மூன்று நாளைக்கும் சேர்த்தே என் கையில் இருந்தது 12,000. அதில் ஒரே நாளுக்கு 4,500 என்றால் நியாயமாக அட்டையைத் திருப்பி வைத்திருப்பேன். ஆனால் அம்மா ஏழாவது இடத்தில் விரலை வைத்துவிட்டாள்: ‘மூன்றாம் பிறை ஸ்டேஷன்’, அதாவது கேத்தி, கமலின் ‘மூன்றாம் பிறை’ கிளைமாக்ஸ் எடுத்த இடம்.

1982-இல் திண்டுக்கல்லில், கல்யாணமான புதிதில், அப்பாவோடு பார்த்த படம் அது. அப்பா இடைவேளைக்கு அப்புறம் தூங்கிவிட்டாராம். கிளைமாக்ஸில் தியேட்டரே அழுதுகொண்டிருக்க, பக்கத்தில் குறட்டை. இந்தக் குற்றச்சாட்டைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

பேரம் பேசினேன். டூர் வண்டிக்கார அண்ணன் 4,000-க்கு வந்தார். "இ-பாஸ் எல்லாம் நாங்களே பாத்துக்குறோம் மேடம், அதுக்கு மட்டும் 200 தனி" என்றார். நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும் என்பது 2024 மே 7-இல் இருந்து நடக்கிற கதை. அது வெளியூர் வண்டிக்கு. இவர் ஓட்டுவது டி.என். 43, ஊட்டி வண்டி. ஊட்டிக்காரர் ஊட்டிக்குள் ஓட்ட எதற்கு இ-பாஸ்? கேட்டேன். "சும்மா சொன்னேன் மேடம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

காலை எட்டு மணி என்று பேச்சு. எட்டு ஐம்பதுக்கு வந்தார். டிரைவரும் அவர்தான், கைடும் அவர்தான். கூடலூர் ரோட்டில் காமராஜ் சாகர் அணையைத் தாண்டும்போது முதல் ஸ்பாட் ஆரம்பித்தது.

"இந்தத் தண்ணி தெரியுதுல்ல, இங்கதான் கமல் சார் ஓடுவாரு."

"எந்தப் படம்ணா?"

"நிறையப் படம் மேடம்."

தலைகுந்தா பைன் காட்டில் இறங்கினோம். "இங்க ரஜினி சார்." எந்தப் படம்? "நிறையப் படம்." அம்மா பின் சீட்டில் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். பதினொரு மணிக்குள் ‘நிறையப் படம்’ ஆறு தடவை வந்துவிட்டது.

உச்சம் எது என்றால் தைய்யா தைய்யா. பைக்காரா போகிற ரோட்டில் ஒரு வளைவில் வண்டியை ஓரம் கட்டி, "உயிரே படத்துல ஷாருக்கான் ரயில் மேல ஆடுவாருல்ல, அது இங்கதான் மேடம்" என்றார். நான் சுற்றிப் பார்த்தேன். தைல மரம் இருந்தது, ஒரு எருமை இருந்தது. தண்டவாளம் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் மலை ரயில் ஊட்டியோடு முடிந்துவிடுகிறது. கூடலூர் பக்கம் ரயில் பாதையே கிடையாது. பாட்டு நீலகிரி மலை ரயிலில் எடுத்ததுதான், அதில் பொய்யில்லை. 1998 படம், சந்தோஷ் சிவன் கேமரா. ஓடுகிற ரயில் கூரையில் அத்தனை பேரை ஆடவிட்டு எடுத்தார்கள் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் அதற்காக ரயிலையே தூக்கி பைக்காரா ரோட்டில் வைக்கலாமா? "ரயில் எங்கண்ணா?" என்றேன். "அப்ப இருந்துச்சு மேடம்" என்றார். இதற்கு மேல் என்ன பேசுவது.

ஒன்பதாவது மைலைப் பற்றி மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஊட்டியிலிருந்து ஒன்பது மைல், அதனால் அந்தப் பேர். உள்ளூரில் ஷூட்டிங் மட்டம் என்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை கவர்னராக இருந்த வென்லாக் பேரில் அந்தப் புல்வெளி முழுவதற்கும் வென்லாக் டவுன்ஸ் என்று பெயர். மேலே ஏறி நின்றபோதுதான் சினிமாக்காரர்கள் ஏன் இங்கே வந்து விழுகிறார்கள் என்று புரிந்தது. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு கரண்டுக் கம்பி இல்லை, ஒரு வீடு இல்லை. புல்மேடு, அதற்குப் பின்னால் இன்னொரு புல்மேடு, பள்ளத்தில் மட்டும் கறுப்பாகக் கொஞ்சம் சோலைக்காடு. கதாநாயகி எந்தத் திசையில் ஓடினாலும் ஃபிரேமை விட்டு வெளியே போக மாட்டாள். அம்மா முந்தானையைக் காதோடு இழுத்துக் கட்டிக்கொண்டு, "இந்தக் குளிர்ல அந்தப் புள்ளைங்கள மெல்லிசுப் புடவைல எப்படிடி ஆடவிட்டாங்க" என்றாள். நியாயமான கேள்வி. கதாநாயகன் மட்டும் எல்லாப் பாட்டிலும் ஜெர்கின் போட்டிருப்பார்.

இந்தப் புல்லும் சோலையும்தான் நீலகிரியின் சொந்தச் சொத்து. பைன், தைலம், சீகை என்கிற வாட்டில் மரம் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. சினிமாவில் பார்த்துப் பார்த்து நமக்கு பைன் காடுதான் ஊட்டி என்று ஆகிவிட்டது. பைனுக்கடியில் நூறு பேர் செல்ஃபி எடுக்கிறார்கள், சோலையைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

குதிரைக்காரர் 300 கேட்டார், வேண்டாம் என்றேன். தோளில் கேமரா தொங்கிய தம்பி ஒருவர் அம்மாவைப் பார்த்து, "அக்கா, ஒரு ஸ்டில், ஹீரோயின் மாதிரி" என்றார். அக்கா என்றதில் குளிர்ந்துபோய் அம்மா நின்றுவிட்டாள். மூன்று பிரிண்ட், 240 ரூபாய். ஒன்றில் கண் மூடியிருக்கிறது.

பைக்காரா போட் ஹவுஸில் வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டோம். திரும்பும் வழியில் கேட்காமலே ஒரு சாக்லேட் கடை வாசலில் வண்டி நின்றது. "பத்து நிமிஷம் மேடம், ஃபேக்டரி பாக்கலாம்." ஃபேக்டரி என்பது கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் கிண்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு சட்டி. நாற்பது நிமிடம் போனது. எனக்குக் கமிஷன் மேல் கோபமில்லை, அவர் பிழைப்பு அது. ஆனால் அந்தக் கடையும் எட்டு ஸ்பாட்டில் ஒன்றாம். "இங்க யாரு நடிச்சா?" என்று அம்மா கேட்டாள். "டெலிஃபிலிம் எடுத்தாங்கம்மா."

ஊட்டிக்குள் வந்ததும் வண்டி லாட்ஜ் பக்கம் திரும்பியது.

"அண்ணா, கேத்தி?"

"அது குன்னூர் சைடு மேடம். நாம போனது கூடலூர் சைடு. அதுக்குத் தனியா 800 ஆகும்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. போனில் எடுத்து வைத்திருந்த அட்டையின் படத்தைக் காட்டினேன். ஏழாவது வரி. அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார், தன் அட்டையையே முதல் தடவை படிக்கிறவர் மாதிரி. இத்தனைக்கும் ஊட்டியிலிருந்து கேத்தி பத்து கிலோமீட்டருக்குள்தான். டீசல் விலை, பிள்ளை ஸ்கூல் ஃபீஸ், சீசன் டல், எல்லாம் வந்தது. நான் பிடிவாதமாக இருந்தேன். நடுவில் அம்மா புகுந்து, "தம்பி, நான் நாப்பது வருஷமா அந்த ஸ்டேஷனப் பாக்கணும்னு இருக்கேன்" என்று ஒரே வரி சொல்லி என் வழக்கை மொத்தமாகக் கெடுத்துவிட்டாள். வாடிக்கையாளருக்கு ஆசை இருக்கிறது என்று தெரிந்த பிறகு எந்த வியாபாரி இறங்குவான்? 600-க்கு முடிந்தது.

அந்தக் கடுப்பும் பசியுமாகப் போனதாலோ என்னவோ, கேத்தியில் சாப்பிட்ட சாப்பாடுதான் இந்தப் பயணத்திலேயே முதலிடம். டூர் லிஸ்டில் இல்லாத இடம். வீட்டு முன்னறையில் மூன்று மேஜை போட்ட மெஸ். மணி மூன்று ஆகப்போகிறது, சாப்பாடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்த அம்மா, "உக்காருங்க, சோறு இருக்கு" என்று ஆவி பறக்கக் கொண்டுவந்து போட்டார். பச்சை அவரைக்கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட கெட்டிக் குழம்பு. கொட்டையை விரலால் அழுத்தினால் மாவாகிறது, ஆனால் தோல் கிழியவில்லை. கேரட் பொரியல் தித்தித்தது. பின்வாசல் திறந்திருந்தது, கேரட் தோட்டம் அங்கேயேதான் இருந்தது. ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தேன். மூன்றாம் முறை சோறு கேட்டபோது அம்மா மேஜைக்கடியில் காலை மிதித்தாள். மூன்று பேருக்கு 270 ரூபாய். டிரைவர் அண்ணன் சாப்பாட்டுக் காசை நான் கொடுத்தேன். கொடுக்கவிட்டு, வாசலில் போய்ப் பல் குத்தினார்.

கிளம்பும்போது பக்கத்து பேக்கரியில் வர்க்கி வாங்கினோம். ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது முதல் எல்லாக் கடையிலும் அதை எழுதிப் போட்டிருக்கிறார்கள். எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒன்றை எடுத்து உடைத்துப் பாருங்கள். உதிர்ந்து மடியெல்லாம் கொட்டினால் வாங்கலாம்.

அப்புறம் ஸ்டேஷன். குட்டி ஸ்டேஷன். கூட்டமே இல்லை. ஒரு நாய் படுத்திருந்தது. "சுப்பிரமணி" என்று கூப்பிட்டாள் அம்மா. படத்தில் வருகிற நாயின் பேர் அது. இது காதை மட்டும் அசைத்தது. கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாகத் தோட்டம், நடு நடுவே வீடுகள், மேலே பஞ்சு மாதிரி பனி ஏறிக்கொண்டிருந்தது.

அம்மா உருகி நிற்பாள், நான் படம் எடுக்கலாம் என்று போனைத் தயாராக வைத்திருந்தேன். அவள் பிளாட்பாரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விறுவிறுவென்று நடந்தாள். திரும்பி வந்தாள். ஒவ்வொரு கம்பமாகத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னம்மா தேடுற?"

"கமல் இடிச்சிட்டு விழுவாருல்ல, அந்தக் கம்பி எதுடி?"

சீனுவாக வரும் கமல், தலையில் பாத்திரத்தை வைத்துக் குரங்கு வித்தை காட்டிக்கொண்டு ரயிலோடு ஓடுவாரே, விஜியாக வரும் ஸ்ரீதேவி அவரைப் பைத்தியம் என்று நினைத்துக்கொள்வாரே, அந்த ஓட்டத்தில் இடிக்கிற கம்பி. அந்தப் படத்துக்குக் கமலுக்கும் ஒளிப்பதிவுக்காக பாலு மகேந்திராவுக்கும் தேசிய விருது கிடைத்தது. ‘கண்ணே கலைமானே’தான் கண்ணதாசன் சினிமாவுக்கு எழுதிய கடைசிப் பாட்டு. இதையெல்லாம் கைடு சொல்லுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் வெளியே வண்டியில் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு ராசி போல.

அங்கே வேலையாக நின்ற ரயில்வே ஊழியர் ஒருவரிடம் அம்மா நேராகப் போய்க் கேட்டாள். அவர் சிரிக்காமல், "வாரத்துக்கு நாலு பேராவது கேக்குறாங்கம்மா. ஆளாளுக்கு ஒரு கம்பியக் கட்டிப்பிடிச்சு போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. நீங்களும் புடிச்ச கம்பியா எடுத்துக்குங்க" என்றார். ஊட்டியில் அன்றைக்கு எனக்கு உண்மை பேசிய ஒரே கைடு அவர்தான். காசும் வாங்கவில்லை.

குன்னூரிலிருந்து ஊட்டி போகிற ரயில் வருகிற நேரம் என்று அவர்தான் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். 1908-இல் ஊட்டி வரை போட்ட பாதை, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த ரயில், எதிரே வந்து நிற்கப்போகிறது. டிக்கெட் விலையோ, அண்ணன் கேட்ட 600-க்குப் பக்கத்தில்கூட வராது. ஏறிவிடலாம் என்று முடிவு செய்தோம். இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஓடிப்போய் அண்ணனை எழுப்பி, நாங்கள் ரயிலில் வருகிறோம், 4,000 காலையிலேயே கொடுத்தாயிற்று, மிச்சம் 600-ஐ ஜிபே பண்ணிவிடுகிறேன் என்றேன். போனில் சிக்னல் இல்லை. அவர் முகத்தில் நம்பிக்கையும் இல்லை.

வந்தது டீசல் இன்ஜின்தான், இந்தப் பகுதியில் இப்போது அதுதான். நீல நிறப் பெட்டிகள், பொம்மை மாதிரி ஜன்னல்கள். ஏறி உட்கார்ந்து, வண்டி நகர்ந்த பிறகுதான் அம்மா மடியைத் தடவினாள். வர்க்கிப் பையும் ஃபிளாஸ்க்கும் காரிலேயே இருந்தன.

ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தால், பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணன் ஓடி வருகிறார். "மேடம்! மேடம்!" பிளாட்பாரத்தில் ரயிலோடு ரயிலாக ஓட்டம். எனக்குச் சிரிப்பு முட்டியது. அம்மா மட்டும் ஜன்னலில் பாதி உடம்பை நீட்டிக் கத்தினாள்:

"தம்பி! கம்பி! கம்பியப் பாத்து!"

ஒரு கம்பத்தைத் தோளோடு உரசி விலகி, பையை ஜன்னலுக்குள் எறிந்துவிட்டு, முட்டியில் கையை ஊன்றி நின்று மூச்சு வாங்கினார். வளைவு திரும்பும் வரை அம்மா கையசைத்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். கேட்டால் காற்று என்றாள்.

லவ்டேல் வந்ததும் சிக்னல் வந்தது. 600 அனுப்பினேன். ஓடினதற்காகச் சேர்த்து 100. இரண்டு நிமிடத்தில் அவரிடமிருந்து மெசேஜ்: "நன்றி மேடம். ஸ்டேஷன் பார்க்கிங் 50."