எரிமலை, ஏரி, ஏலக்காய்: குவாத்தமாலா நாட்குறிப்பு

ஜனவரி 9, 2024. ஆன்டிகுவா

விமானம் இறங்கிய தலைநகரில் தங்காமல் நேரே இங்கே வந்துவிட்டேன். கல் பாவிய தெருக்கள், அடர்ந்த வண்ணம் பூசிய தாழ்ந்த வீடுகள், தெற்கே வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆகுவா எரிமலை. 1773-இல் வந்த நிலநடுக்கம் இந்நகரத்தை நொறுக்கிவிட்டது. ஸ்பானியர்கள் தலைநகரையே வேறு பள்ளத்தாக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். அன்று இடிந்த தேவாலயங்கள் சில, கூரையில்லாமல் இன்றும் அப்படியே நிற்கின்றன. அழகான ஊர்தான். ஆனால் நான் பார்க்க வந்த நாடு இதற்கு வெளியே இருக்கிறது.

ஜனவரி 11. அக்காத்தெனாங்கோ மலையிலிருந்து இறங்கிய மாலை

கால்கள் கெஞ்சுகின்றன. இருந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

நேற்றுக் காலை லா சொலெடாட் கிராமத்திலிருந்து ஏறத் தொடங்கினோம். முதலில் மக்காச்சோள வயல், பிறகு மேகம் தங்கும் காடு, அதற்கு மேல் பைன் மரங்கள். பாதை முழுக்கக் கருமணல் போன்ற எரிமலைச் சாம்பல். இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்குகிறது. எங்களை அழைத்துச்சென்ற, மாயா பூர்வகுடிகளில் ஒரு பிரிவான கக்சிகேல் இளைஞர் தன் சுமையோடு எங்களில் ஒருவரின் பையையும் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். மாலையில் கூடாரம் அடித்த இடம் சுமார் 3,600 மீட்டர் உயரம். எதிரே, ஒரு பள்ளத்தைத் தாண்டி, ஃபுவேகோ எரிமலை.

இருட்டிய பிறகுதான் அதன் முழு உருவமும் தெரிந்தது. உச்சியில் சிவப்பு ஊற்றெடுக்கும். சில நொடி ஒன்றும் கேட்காது. பிறகு ஓசை வரும். காதுக்கு முன்பே நெஞ்சுக்கூடு அதை வாங்கிக்கொள்ளும். எரியும் பாறைகள் சரிவில் உருண்டு, துள்ளி, உடைந்து, ஒவ்வொன்றாக அணையும். கால் மணி நேரத்துக்குள் மறுபடியும். குளிரில் விரல்கள் மரத்துப்போயும் கூடாரத்துக்குள் போக மனம் வரவில்லை.

எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் வழிகாட்டி மலையின் மறுபக்கத்தைக் காட்டினார். 2018 ஜூன் 3-ஆம் தேதி அங்கே கொதிக்கும் சாம்பலும் வாயுவும் பாறையும் சேர்ந்த வெள்ளம் பாய்ந்து இறங்கி, சான் மிகேல் லோஸ் லோத்தெஸ் என்ற ஊரை மூடிவிட்டது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் நூற்றுக்கணக்கில். பலரின் உடலைக்கூட எடுக்க முடியவில்லை. இந்த மலையைப் பார்க்க வருகிறவர்களுக்கு, ஏறத் தொடங்குமுன்பே அந்த ஊரின் பெயரைச் சொல்லித்தர வேண்டும் என்று தோன்றியது.

ஜனவரி 13. சான் ஹுவான் லா லகூனா

அத்தித்லான் ஏரி. பழைய பெருவெடிப்பு ஒன்றில் நிலம் உள்வாங்கிய பள்ளத்தில் நீர் நிறைந்திருக்கிறது. ஆழம் 300 மீட்டருக்கும் மேல். தெற்குக் கரையில் சான் பெத்ரோ, தோலிமான், அத்தித்லான் என்று மூன்று எரிமலைகள். காலையில் கண்ணாடியாகக் கிடந்த நீர், மதியத்துக்கு மேல் ஷோகோமில் என்கிற காற்று எழுந்ததும் படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

நெசவுக் கூட்டுறவு ஒன்றில் பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். தறி என்றால் சில குச்சிகளும் ஒரு பட்டையும்தான். பாவின் ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு அந்த அம்மா மண்டியிட்டிருந்தார். உடலைப் பின்னால் சாய்த்தால் பாவு விறைக்கிறது. முன்னால் வந்தால் தளர்கிறது. அந்தத் தளர்வில் இழைகளைப் பிரித்து, ஊடையைச் செலுத்தி, மழமழவென்று தேய்ந்த மரக்கத்தியால் அடித்து இறுக்குகிறார். அவர் உடல்தான் தறியின் பாதி. பக்கத்தில் சாயச் சட்டிகள். கள்ளிச்செடியில் வளரும் பூச்சியிலிருந்து சிவப்பு, அவுரியிலிருந்து நீலம். சாயம் நிலைக்க வாழைத்தண்டை வேகவைத்த நீர்.

ஒரு மேற்சட்டை முடிய மாதக்கணக்கில் ஆகுமாம். வெளியே ஒருவர் அதற்குப் பாதி விலை கேட்டு வாதாடிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. சொன்ன விலையைக் கொடுத்து ஒரு துண்டு வாங்கினேன்.

ஜனவரி 15. சந்தியாகோ அத்தித்லான்

நேற்று பகல் முழுவதும் படகுத்துறைக் கடையில் கூட்டம், எல்லோர் கண்ணும் தொலைக்காட்சியில். புதிய அதிபர் பெர்னார்டோ அரேவாலோவின் பதவியேற்பை நாடாளுமன்றத்தில் மணிக்கணக்காக இழுத்தடித்தார்கள். நள்ளிரவு தாண்டித்தான் பதவியேற்றார். தேர்தல் முடிவைக் குலைக்க நடந்த முயற்சிகளை எதிர்த்து அக்டோபரில் சாலைகளை மறித்தவர்களும், தலைநகரில் அரசு வழக்குத்துறை அலுவலகத்தின் முன் நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்திருந்தவர்களும், தொத்தோனிகாப்பானின் ‘48 கந்தோன்கள்’ என்ற ஊர்களின் அமைப்பு உள்ளிட்ட மாயா சமூகங்களின் தலைவர்கள்தான். கையில் அதிகாரக் கோல் ஏந்திய அந்த மூத்தோர் திரையில் வந்தபோதெல்லாம் கடையில் பேச்சு நின்றது.

இந்த ஊருக்கு அப்படி எதிர்த்து நிற்பது புதிதில்லை. 1990 டிசம்பர் 2 அதிகாலை, இராணுவ முகாமை நோக்கி வெள்ளைக் கொடியோடு நடந்த சுத்துஹில் மாயா மக்கள்மீது சிப்பாய்கள் சுட்டார்கள். 13 பேர் இறந்தார்கள். ஊர் பணியவில்லை, முகாம்தான் காலி செய்யப்பட்டது. 1960 முதல் 1996 வரை நீண்ட உள்நாட்டுப் போரில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் இரண்டு லட்சத்துக்கு மேல் என்று ஐ.நா. ஆதரவில் அமைந்த உண்மை ஆணையம் கணித்தது. அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் பேர் மாயா மக்கள்.

ஜனவரி 18. சிச்சிகாஸ்தெனாங்கோ

வியாழன் சந்தை. சாந்தோ தோமாஸ் தேவாலயப் படிகளில் பூ விற்கிறவர்கள், கோபால் பிசின் புகை, வாய்க்குள் மந்திரம் சொல்லும் கிச்சே மாயா பெரியவர்கள். உள்ளே தரையில் மெழுகுவத்திகளும் பூவிதழ்களும். 1700-களின் தொடக்கத்தில் ஹிமேனெஸ் என்ற பாதிரியார் ‘போபோல் வூ’ என்ற கிச்சே நூலைப் படியெடுத்தது இந்த ஊரில்தான். அதில் தெய்வங்கள் மனிதனை முதலில் களிமண்ணால் செய்து பார்க்கிறார்கள், பிறகு மரத்தால். கடைசியில் மக்காச்சோள மாவால்தான் அமைகிறது. மதியம் கல்லிலிருந்து எடுத்த சூடான தோர்த்தியா ரொட்டியும் கருப்பு பீன்ஸும் சாப்பிட்டேன்.

ஜனவரி 21. லாங்கின்

பழைய அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகளுக்கு வண்ணமடித்து ஓட்டுகிறார்கள். இருவர் இருக்கையில் மூவர். உதவியாளர் ஓடும் வண்டியின் பின் ஏணியில் ஏறி மூட்டைகளை இறக்குகிறார். பல வண்டி மாறி, இடுப்பு கழன்று, இங்கே வந்துசேர்ந்தேன்.

செமுக் சாம்பே எல்லோரும் சொல்வதுபோலவே இருக்கிறது. கஹபோன் ஆறு சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் புகுந்து ஓட, அந்தப் பாறைமேல் பச்சையும் நீலமுமாகக் குளங்கள்.

என்னை நிறுத்தியது வழியில் வந்த வாசனை. நான் போடிநாயக்கனூர்க்காரன், அந்த வாசனைக்கு எனக்கு யாரும் பெயர் சொல்ல வேண்டாம். எங்கள் வீட்டில் குவாத்தமாலா என்ற சொல், ஏலக்காய் ஏலத்தில் விலை இறங்கும் நாளில்தான் கேட்கும். அங்கே விளைச்சல் அதிகம், அதனால் இங்கே விலை இல்லை என்று அப்பா சொல்வார். 1914 வாக்கில் ஒரு ஜெர்மானியர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படும் ஏலக்காய், இன்று இந்த நாட்டை உலகின் மிகப்பெரிய ஏற்றுமதியாளர்களில் ஒன்றாக்கியிருக்கிறது. சரிவில் கெக்சி மாயா குடும்பம் ஒன்று செடியின் அடியில் குனிந்து, தரையோடு படர்ந்த சரத்திலிருந்து பச்சைக் காயைப் பறித்துக்கொண்டிருந்தது. காயவைக்கும் கூடம் அவர்களுக்கு இல்லை. ஈரக்காயாகவே தரகரிடம் விற்கிறார்கள். விலையை அவர் சொல்கிறார். ஊரில் பலர் இதைச் சமையலுக்குப் பயன்படுத்துவதில்லை. அரபு நாடுகளின் காபிக்குப் போகிறது என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சிறு விவசாயிக்குப் போட்டியாக இத்தனை வருடம் நான் நினைத்திருந்தவர், அவரைவிட ஏழை.

ஜனவரி 25. டிக்கால்

இந்தப் பழைய மாயா நகரத்தின் வாயில் ஆறு மணிக்குத் திறந்ததும் உள்ளே போனேன். இருட்டில் ஊளைக் குரங்குகளின் உறுமல் காட்டையே அதிரவைத்தது. நான்காம் கோயில் சுமார் 65 மீட்டர் உயரம். மரப்படிகளில் ஏறினால் மரங்களுக்கு மேலே மற்றக் கோபுரங்களின் தலைகள் மட்டும் தெரிகின்றன. முதலாம் கோயிலின் அடியில் அடக்கமானவர் ஹசாவ் சான் கவீல். 682-இல் அரியணை ஏறி, 695-இல் எதிரி மாயா அரசான கலாக்முல்லின் படையை வென்றவர்.

என்னை அதிகம் ஈர்த்தது தண்ணீர். இங்கே ஆறு கிடையாது. சுண்ணாம்பு பூசிய முற்றங்களைச் சாய்வாக அமைத்து, விழுகிற மழையைத் தேக்கங்களுக்குத் திருப்பியிருக்கிறார்கள். ஒரு தேக்கத்தில் ஜியோலைட் என்ற கனிமமும் படிக மணலும் கொண்டு நீரை வடிகட்டிய தடயத்தை 2020-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இங்கே தேதியிட்ட கடைசிக் கல்தூண் 869-ஆம் ஆண்டினது. அதற்குப் பிறகு நகரம் காலியானது; வறட்சி, போர், அரசர்களின் வீழ்ச்சி எல்லாம் சேர்ந்து.

நகரம் காலியானது. மக்கள் மறையவில்லை. ‘மர்மமாக மறைந்த மாயா’ என்று விளம்பரங்களில் எழுதுகிறவர்கள், இந்த நாட்டின் பத்துப் பேரில் நான்கு பேரை இல்லை என்கிறார்கள். பெரிய முற்றத்தின் பலிபீடத்தில் இன்று காலை ஒரு குடும்பம் நெருப்பு வளர்த்து, கோபால் பிசினும் மெழுகுவத்தியும் இட்டு வேண்டிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டியின் மேற்சட்டையில் லாங்கின் பக்கத்துத் தையல்.

ஜனவரி 26. ஃப்ளோரஸ்

ஏரிக்குள் உள்ள இந்தச் சிறு தீவுதான் நோஹ்பெத்தேன், கடைசி மாயா அரசின் தலைநகர். ஸ்பானியர் பிடித்தது 1697-இல், ஆன்டிகுவாவின் மாளிகைகள் எழுந்து நெடுங்காலத்துக்குப் பிறகு. இப்போது அதன்மேல் தேவாலயமும் விடுதிகளும் நிற்கின்றன.

பெலீஸுக்கு நாளைக்கே போகும் எண்ணத்தைக் கைவிட்டேன். ஏரிக்கரையில் இருக்கும் யாஷ்ஹா என்ற பழைய மாயா நகரத்துக்கு மதிய வேனில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே கூட்டம் குறைவு, கொசு அதிகம் என்கிறார் விடுதிக்காரர்.