லினன் சலவையில் எங்கே நிறுத்துவது

தறியிலிருந்து இறங்கிய லினன் துணியைத் தொட்டுப் பார்த்தால், இதையா விரித்துப் படுக்கிறார்கள் என்றுதான் தோன்றும். சொரசொரவென்று விறைப்பாக இருக்கும், மடித்த மடிப்பு அப்படியே நிற்கும். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு சலவைப் பட்டறையில் இந்தத் துணியை மெதுவாக்கும் வேலை பார்த்தேன். என்ன சேர்த்தால் மெத்தென்று ஆகும் என்று பலரும் கேட்பார்கள். சேர்ப்பது கொஞ்சம்தான், எடுப்பதில்தான் வேலையே இருக்கிறது.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தேங்காய்க் கதம்பையை மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, அழுகியதும் அடித்துத் தும்பு எடுப்பதைப் பார்த்தவர்கள் நாம். லினன் நாருக்கான ஆளிச் செடிக்கும் அதே கதைதான். பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து நெதர்லாந்து வரையுள்ள கடலோர வயல்களில் செடியைப் பிடுங்கி அங்கேயே பரப்பிவிடுவார்கள். பனியும் மழையும் பட்டதும், நாரைத் தண்டோடு ஒட்டவைத்திருக்கும் பெக்டினை நுண்ணுயிர்கள் தின்னும். முழுசாகத் தின்பதில்லை. மிச்சமிருக்கும் பெக்டின், மெழுகு, தறிக்காக நூலில் ஏற்றிய கஞ்சி எல்லாம் சேர்ந்ததுதான் அந்த விறைப்பு.

முதலில் அமைலேஸ் என்சைம் போட்டுக் கஞ்சியை எடுப்போம். அப்புறம் சோடா ஆஷ் கலந்த வெந்நீரில் ஓட்டினால் மெழுகு போகும். துணி சுருங்க வேண்டியதும் இங்கேயே சுருங்கிவிடும். முன்சலவை செய்யாத நூறு அங்குல விரிப்பு ஐந்து சதவீதம் சுருங்கினாலே ஐந்து அங்குலம் போச்சு, வாங்கியவர் வீட்டில் மெத்தையின் ஓரம் தெரியும்.

அடுத்தது செல்லுலேஸ், செடி நாரின் மூலப்பொருளான செல்லுலோஸை அரிக்கும் என்சைம். முன்பு பியூமிஸ் என்ற எரிமலைக் கல்லைத் துணியோடு போட்டு உருட்டுவார்கள். கல் தேய்ந்து மணலாகி வடிகாலை அடைக்கும், சலவை மிஷினின் டிரம்மையும் தின்னும். ஜீன்ஸ் சலவைக்காக 1980களின் பிற்பகுதியில் வந்த செல்லுலேஸ் அந்தத் தொல்லையைக் குறைத்தது. அசிட்டிக் ஆசிட் விட்டு தண்ணீரின் புளிப்பைக் காட்டும் பிஎச்சை ஐந்தை ஒட்டி வைத்து, சூட்டை 50 டிகிரி பக்கம் நிறுத்தினால், நூலின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய இழைகளை அது அரிக்கத் தொடங்கும். இழைகள் தளரும், துணி வளையும்.

ஆனால் லினன் நாரே செல்லுலோஸ்தான். மேலே நீட்டியிருப்பது எது, நடுவில் தாங்கி நிற்பது எது என்று என்சைமுக்குத் தெரியாது. நாம்தான் நிறுத்த வேண்டும். எங்கள் மிஷின்கார அண்ணாச்சி டிரம்மை நிறுத்தி, ஒரு மூலையை இழுத்துப் பிழிந்து, கைக்குள் கசக்கி விடுவார். மடிப்பு எப்படி அவிழ்கிறது என்று பார்ப்பார். “மக்கா, போதும். இன்னும் விட்டா துணியத் தின்னுரும்” என்பார். உடனே சோடா போட்டு பிஎச்சை ஏற்றி, 80 டிகிரிக்குச் சூடேற்றுவோம். அதோடு என்சைம் செத்துவிடும். தண்ணீரை வடித்தால் போதுமென்று நினைக்கக் கூடாது, துணிக்குள் தங்கியது அரித்துக்கொண்டே இருக்கும்.

ஈரத்தில் இழுத்துப் பார்த்து நம்பவும் முடியாது. நனைந்தால் லினனுக்குப் பலம் கூடும். காய்ந்த பிறகுதான் உண்மை தெரியும். துணி உலர்த்தும் டம்ப்ளர் மிஷினின் வடிகட்டியில் சேரும் பஞ்சைக் கையால் வழித்துப் பார்ப்பேன். வழக்கத்தைவிடத் தடிமனாக இருந்தால் அந்த லாட்டில் என்சைம் அதிகம் வேலை செய்திருக்கிறது. டிரம்மில் துணியை அமுக்கித் திணித்தாலும் கெடுதல்தான். முறுக்கிய இடத்திலேயே உரசி வெள்ளைக் கோடு விழும். சாயம் போட்ட துணியில் அந்தக் கோடு ஒருநாளும் போகாது.

கடைசியில் சாஃப்ட்னர். என் மனம் ஒப்பாத இடம் இதுதான். கடையில் தொட்டதும் வழுக்க வேண்டும் என்று சிலர் சிலிக்கோன் சாஃப்ட்னரை அதிகமாகக் கேட்பார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்வையை இழுக்கத்தானே லினன்? பூச்சு ஏறினால் அந்தக் குணம் மட்டுப்படும், சலவைக்குச் சலவை பூச்சும் கழன்றுபோகும். என்சைமும் டம்ப்ளரில் புரண்டதும் தந்த மெது அப்படியல்ல, துவைக்கத் துவைக்கக் கூடும். வாங்கும்போது ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே இழுத்துக்கொண்டால் தைரியமாக வாங்கலாம். உருண்டு நின்றால் பெரும்பாலும் பூச்சுதான்.