இரண்டரை மில்லி கணக்கு

புரதத்தைப் பிரித்தெடுக்கும் நிக்கல் குழலிலிருந்து இறங்கிய என் புரதம் 4 மி.லி. இருந்தது. கூடவே 500 மில்லிமோலார் உப்பு, அந்தக் குழலிலிருந்து புரதத்தைக் கழற்றும் இமிடசோல் 250 மில்லிமோலார். அடுத்து, மின்னூட்டத்தால் புரதத்தைப் பிடிக்கும் அயனிப் பரிமாற்றக் குழலில் ஏற்ற வேண்டும். இத்தனை உப்போடு போனால் அங்கே ஒட்டாது. முந்தைய தடவை, சவ்வுப் பை வழியே உப்பை வெளியேற்றும் டயாலிசிஸில் இரவு முழுக்கப் போட்டேன். காலையில் பைக்குள் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து கிடந்தது. மூன்று வார உழைப்பு. அதனால் இந்த முறை உப்பை நீக்க பிடி-10.

ஜெல் நிரப்பியே வரும் குழல் இது. உள்ளே 8.3 மி.லி. செஃபடெக்ஸ் ஜி-25, 1959-இல் ஸ்வீடனின் உப்சாலாவில் போராத்தும் ஃப்ளோடினும் உலகுக்குக் காட்டிய அதே டெக்ஸ்ட்ரான் மணிகள். உப்பு மணித் துளைகளுக்குள் புகுந்து புறப்பட்டுத் தாமதமாக வரும். மூலக்கூறு எடை 5000 டால்டனைத் தாண்டிய புரதம் உள்ளே நுழைய முடியாமல் இடுக்குகளின் வழியே முந்திவிடும்.

அடிமுனையை வெட்டி, 25 மி.லி. ஹெப்பிஸ் பஃபரால் (pH மாறாமல் காக்கும் கரைசல்) கழுவினேன். பிறகு 4 மி.லி.யையும் ஒரேயடியாக ஊற்றினேன். அங்கேதான் தப்பு. இறங்கியதைத் தனிக் குடுவையில் ஒதுக்கிவிட்டு, 3.5 மி.லி. பஃபர் ஊற்றிப் பிடித்தேன். அளந்தால் புரதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணவில்லை. ஒதுக்கிய குடுவையை நல்லவேளை கொட்டவில்லை. அதில் ஒரு சொட்டை, புரதம் இருந்தால் நீலமாகும் பிராட்ஃபோர்டு சாயத்தில் விட்டதும் பழுப்பு நீலமானது.

"மணிகளுக்கு நடுவுல இருக்கற இடமே கிட்டத்தட்ட ரெண்டரை மில்லிதான்பா. அதுக்கு மேல ஊத்தினா முன்னால போன புரதம் கீழ வந்துடும்," என்றார் சீனியர் அக்கா. பின்னால் வருவது உப்போடு சேர்ந்துவிடுமாம். உப்பின் குளோரைடு பட்டால் வெள்ளையாகக் கலங்கும் வெள்ளி நைட்ரேட்டில் பார்க்கச் சொன்னார். எங்கள் பஃபரில் குளோரைடு கிடையாது. ஒதுக்கியதில் ஒரு சொட்டு விட்டேன், தெளிவு. பிடித்து வைத்ததில் விட்டேன், நீர்மோர் போல் கலங்கியது.

ஆக, தூக்கி எறியவிருந்ததுதான் சுத்தம்! மற்ற 3.5 மி.லி.யை இரண்டாகப் பிரித்து, இரு முறை ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் 1.75 மி.லி. சாம்பிள் முழுதாக ஜெல்லுக்குள் இறங்கும்வரை காத்திருந்து, 0.75 மி.லி. பஃபர் சேர்த்து இரண்டரையாக்கினேன். அதுவரை இறங்கியதை ஒதுக்கினேன், இந்த முறை மூடி போட்டு, பெயர் எழுதி. அப்புறம்தான் 3.5 மி.லி. ஊற்றிப் பிடித்தது. நடுவில் மறுபடி 25 மி.லி. கழுவல். பொறுமையைச் சோதிக்கும், ஆனால் விடக்கூடாது.

கடைசியில் 11 மி.லி. ஆகிவிட்டது. நீர்த்துப்போனதே என்று கவலைப்பட்டேன். பரிமாற்றக் குழல் புரதத்தைப் பிடித்துச் செறிவாக்கிவிடும் என்றார் அக்கா. அன்று மாலையே ஏற்றினேன். ஒட்டாமல் வழிந்த பஃபரில் ஒரு சொட்டு எடுத்து பிராட்ஃபோர்டில் விட்டுப் பார்த்தேன். பழுப்பு மாறவேயில்லை.