நடை சரி, வடை?

வேலூர் வெயிலுக்கு விடியற்காலை நடைதான் சரிப்படும், எட்டு மணி ஆனால் தலை காய்ந்துவிடும். கோட்டை அகழி ஓரம் நடக்கிறவர்களில் பாதிப் பேர் கையை வீசிப் போகிறார்கள், மீதிப் பேர் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டு ஊர்கிறார்கள், முடிந்ததும் எல்லாரும் டீக்கடையில் ஆளுக்கு இரண்டு வடை, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. ஆச்சு, நடந்த கணக்கு அங்கேயே தீர்ந்தது.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அதோடு 2 நாளாவது தசைக்கு வேலை. இந்த இரண்டாவதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. ஜிம்முக்கே போகவேண்டாம், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார்ந்து பாருங்கள், தொடை சொல்லும்.

சாப்பிட்டதும் பத்து நிமிடம் மெதுவாக நடப்பது எனக்குப் பிடித்த பழக்கம். நடக்கும்போது கால் தசை ரத்தத்திலிருக்கிற சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், சாப்பாட்டுக்குப் பின் எகிறுவது கொஞ்சம் அடங்கும் (இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்). அப்புறம் கேழ்வரகுக் களி, நார்ச்சத்து, கால்சியம் எல்லாம் உண்டு, நல்லதுதான், ஆனால் அதுவும் மாவுச்சத்துதான் அண்ணே, கறிக்குழம்பை ஊற்றி மூன்று உருண்டையை உள்ளே தள்ளிவிட்டு டயட் என்று சொல்லாதீர்கள்.